தட்டிலே செத்தது உடலிலே சாகுமா?

"கஞ்சாச் சத்து புற்றுநோயைக் கொல்கிறதாம்!"

உலகெங்கும் அடிபட்டு வரும் பேச்சு இது. வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு தவிப்பவர்கள் இதைக் கேட்டதும் நம்பிக்கை கொள்வது இயற்கையே. ஆனால் புற்றுநோயின் ஜீவ அணுக்கள் எங்கே செத்தன? பெரும்பாலும் ஆராய்ச்சிச்சாலைத் தட்டிலே!

கஞ்சாவில் போதை தரும் பொருளுக்கு டி.எச்.சி. என்று பெயர். 1964-ல் இஸ்ரேல் விஞ்ஞானிகளான மெகூலம், கவோனி ஆகிய இருவரும் அதைத் தனியே பிரித்து அதன் அமைப்பைக் கண்டறிந்தனர். 1975-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நடந்த சோதனையில், சுண்டெலிகளின் நுரையீரல் புற்று வளர்வதை அது மட்டுப்படுத்தியது. அதன் பிறகு பல நாடுகளில் ஆராய்ச்சி பரவியது.

அணுவுக்கும் ஆகாரம்

தட்டில் அணு வளர உடற்சூடு வேண்டும். அதாவது 37 டிகிரி. சர்க்கரையும் உப்பும் கலந்த போஷாக்குத் திரவமும் வேண்டும். அதில் பசுவின் கருக்கன்று ரத்தத்திலிருந்து எடுத்த 'சீரம்' என்னும் தெளிநீரையும் வழக்கமாக நூற்றுக்குப் பத்துப் பங்கு சேர்ப்பார்கள்.

இந்தச் சீரத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது! கஞ்சாச் சத்து எண்ணெய் போன்றது. நீரில் எளிதில் கரையாது. சீரத்திலுள்ள ஆல்புமின் முதலிய புரதங்களோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்ட மருந்து அணுவுக்குள் புகாது. மிஞ்சியிருக்கும் சொற்பந்தான் வேலை செய்யும்.

சீரத்தைக் குறைத்தால்? 2000-ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் எலியின் மூளைப் புற்று அணுக்களில் இதைப் பரீட்சித்தனர். சீரம் குறைந்த திரவத்தில் மருந்தின் வேகம் ஏறியது! அதே மருந்து, அதே அணு. மாறியது ஆகாரம் மட்டுமே. பட்டினி கிடக்கும் அணு ஏற்கெனவே நலிந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கொல்வதா, வளர்ப்பதா?

அளவு மாறினாலும் பலன் மாறும். 2004-ல் ஜெர்மன் விஞ்ஞானிகள் டி.எச்.சி.யை மிகச் சொற்ப அளவில் இட்டபோது, சில நுரையீரல், மூளைப் புற்று அணுக்கள் சாவதற்குப் பதில் பெருகின!

மனித உடலிலோ ரத்தம் முழுவதும் புரதம். உட்சென்ற டி.எச்.சி.யில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் அதிலேயே சிக்கிக்கொள்ளும். தட்டில் அணுவைக் கொன்ற அளவு மருந்து, உடலில் புற்றை எட்டும் என்பதற்கு என்ன நிச்சயம்?

மனிதரிடத்தில் ஒரு சிறு பரீட்சையும் நடந்தது. மூளைப் புற்று மீண்டும் வளர்ந்த ஒன்பது பேருக்கு ஸ்பெயின் மருத்துவர்கள் கட்டிக்குள்ளேயே டி.எச்.சி.யைச் செலுத்தினர், முடிவு 2006-ல் வெளியாயிற்று. மருந்தைச் செலுத்துவதில் பெரிய ஆபத்து இல்லை என்று தெரிந்தது. ஆனால் பாதிப் பேர் சுமார் 24 வாரங்களுக்குமேல் உயிர் வாழவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு நோயாளிகள் சேர்க்கப்படாததால், மருந்தினால் ஆயுள் கூடியதா என்று சொல்ல இயலவில்லை.

ஆராய்ச்சி வீண் என்பதல்ல இதன் பொருள். தட்டு முதற்படி, உடல் கடைசிப்படி. இனி, "புற்றைக் கொன்றது" என்ற செய்தியைக் கண்டால், "எங்கே? எத்தனை சீரத்தில்? எவ்வளவு மருந்தில்?" என்று கேளுங்கள். அதற்கு விடை தெரியும் முன்னே, நடந்துகொண்டிருக்கும் வைத்தியத்தைக் கைவிட்டு எண்ணெய்ப் புட்டியைத் தேடி ஓடுவது, கிடைத்திருக்கும் நல்ல காலத்தையும் இழப்பதாகும்.