சுருளல் எதிர்முழக்கம்

கன்வலூஷன் ரிவெர்ப் எனப்படும் சுருளல் எதிர்முழக்கம் என்பது, ஓர் உண்மையான இடத்தின் எதிர்முழக்கத்தை வேறிடத்தில் பதிவான ஒலியின்மீது கணினிவழி ஏற்றும் முறையாகும்.

செயற்படும் விதம்

மண்டபம் ஒன்றில் பலூனை வெடித்தால், அக்குறுகிய ஒலி சுவர்களிலும் கூரையிலும் தெறித்துப் படிப்படியாக அடங்கும். இதன் பதிவு அம்மண்டபத்தின் கணத்தாக்கத் துலங்கல் ஆகும். எண்முறை இசையின் ஒவ்வொரு கூறாலும் இத்துலங்கல் முழுவதையும் பெருக்கி, உரிய நேர இடைவெளியுடன் கூட்டுவதே சுருளல் எனப்படுகிறது.

அலைவெண் களம்

நொடிக்கு 44,100 கூறுகள் கொண்ட ஒலியில், 3 நொடித் துலங்கலுக்கு 1,32,300 கூறுகள் உண்டு. நேரடியாகக் கணித்தால் ஒரு நொடி இசைக்கு ஏறத்தாழ 583 கோடிப் பெருக்கல்கள் தேவை. விரைவு ஃபூரியே மாற்றின் மூலம் இரண்டையும் அலைவெண் களத்துக்குக் கொண்டுசென்றால், அலைவெண்வாரியாகப் பெருக்கினாலே போதுமானது. கணிப்பு பன்மடங்கு குறையும்.

ஆனால் மாற்றுக்குத் தேவையான கூறுகள் சேரும்வரை ஒலி தாமதமாகும். துலங்கலின் தொடக்கத்தை நேரடியாகவும், எஞ்சியதைப் படிப்படியாகப் பெரிதாகும் தொகுதிகளாகவும் கணித்து இத்தாமதத்தை நீக்கும் முறையை வில்லியம் கார்ட்னர் 1995இல் வெளியிட்டார்.

பயன்பாடு

சோனியின் டிஆர்ஈ-எஸ்777 கருவி 1999இலும், ஆல்டிவெர்ப் மென்பொருள் 2001இலும் வெளிவந்தன. இசுதான்புல்லின் ஆகியா சோபியா, பாட அனுமதியில்லாத அருங்காட்சியகமாக இருந்தபோது, 2010இல் அங்கு பலூன் வெடிப்பொலிகள் பதிவு செய்யப்பட்டன. அவற்றைக் கொண்டு அதன் எதிர்முழக்கத்தில் காப்பெல்லா ரொமானா குழு பாடிய பைசாந்தியப் பாடல்கள் 2019இல் இசைத்தொகுப்பாக வெளிவந்தன.

வரம்பு

ஒரு துலங்கல், ஒலி எழுந்த புள்ளிக்கும் பதிவான புள்ளிக்கும் மட்டுமே உரியது. பாடகர் இடம் மாறுவதை அது காட்டாது.