ஒரு மில்லிமீட்டருக்கு யார் பொறுப்பு? காற்றுத் துப்பாக்கியின் துல்லியம் சோதிக்கப்படும் விதம்

2018 ஏப்ரலில் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டி. மகளிர் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவின் இறுதிச் சுற்றில் சிங்கப்பூரின் மார்ட்டினா வெலோசோவும் இந்தியாவின் மெஹுலி கோஷும் 247.2 புள்ளிகளுடன் சமமாக நின்றார்கள். தங்கம் யாருக்கு என்பதை முடிவு செய்ய இருவரும் ஆளுக்கு ஒரு குண்டு கூடுதலாகச் சுட்டார்கள். வெலோசோவுக்கு 10.3, மெஹுலிக்கு 9.9. தங்கம் சிங்கப்பூருக்கு வந்தது.

அந்த 0.4 புள்ளியை இலக்குத் தாளில் அளந்தால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வரும்.

இலக்கின் மொத்த விட்டம் 45.5 மில்லிமீட்டர், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நடுவில் உள்ள 10ஆம் வளையம், பெயருக்குத்தான் வளையம். அது 0.5 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு புள்ளி. மிக உயர்ந்த மதிப்பெண் 10.9. குண்டு மையத்தை விட்டு 0.25 மில்லிமீட்டர் விலகும் ஒவ்வொரு முறையும் 0.1 புள்ளி குறையும். 2024 பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் முதலிடம் பெற்ற தென்கொரியாவின் பான் ஹியோ ஜின் 634.5 புள்ளிகள் எடுத்தார். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 630.7 எடுத்து 10ஆவது இடத்தில் நின்றுவிட்டார். இறுதிச் சுற்றுக்குப் போவது எட்டுப் பேர்தான். 60 குண்டுகளில் 3.8 புள்ளி என்றால், ஒரு குண்டுக்கு 0.1கூட இல்லை.

இவ்வளவு நுணுக்கமான விளையாட்டில் குண்டு சற்று விலகிப் போனால், தவறு கையிலா, துப்பாக்கியிலா, குண்டிலா என்ற கேள்வி வந்துவிடும். ஃபைன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷூட்ஸ் போன்ற ஜெர்மானிய நிறுவனங்களின் உயர்ரகத் துப்பாக்கிகளின் விலை நம் பணத்தில் பத்தாயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். பிள்ளையின் புள்ளிகள் ஓரிடத்தில் தேங்கிவிட்டால் பெற்றோரின் காதில் முதலில் விழுவது "துப்பாக்கியை மாற்றுங்கள்" என்ற பேச்சுத்தான். சேமிப்பில் கைவைப்பதற்கு முன் செய்ய வேண்டியது துல்லியச் சோதனை.

சோதனையில் முதல் வேலை, மனிதனை அப்புறப்படுத்துவது. பட்டறையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் போன்ற கருவியில் துப்பாக்கியை அசையாமல் பொருத்துவார்கள். இடம் காற்று வீசாத உள்ளரங்கச் சுடுதளமாக இருக்கும். தூரம் அதே 10 மீட்டர். முதல் சில குண்டுகள் கணக்கில் சேராது. பிறகு ஒரே இடத்தைக் குறிவைத்து பத்துக் குண்டுகள். அவை தாளில் ஒரே ஓட்டையாக விழும். அந்த ஓட்டையின் வெளி விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை காலிப்பரால் அளந்து, குண்டின் அளவான 4.5 மில்லிமீட்டரைக் கழித்தால் சிதறல் தெரிந்துவிடும்.

ஓட்டை 6 மில்லிமீட்டர் என்றால் சிதறல் 1.5. கை கல்லைப்போல் நின்றாலும் சில குண்டுகள் 10.7 வரை இறங்கலாம். ஓட்டை 8 மில்லிமீட்டர் ஆகிவிட்டால் அதே கைக்கு 10.3கூட வரலாம். சுடுபவர் எந்தத் தவறும் செய்யாமலே இழக்கும் புள்ளி இது.

இந்த இடத்தில்தான் பலரும் எதிர்பாராத ஒன்று வெளிப்படும். துப்பாக்கியை மாற்றாமல், குண்டு டின்னை மட்டும் மாற்றினாலே ஓட்டையின் அளவு மாறும். பெல்லட் எனப்படும் இந்த ஈயக் குண்டின் எடை அரை கிராமுக்குச் சற்று மேல். தலைப்பகுதி 4.48, 4.49, 4.50 மில்லிமீட்டர் என நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் விற்கப்படுகிறது. ஒவ்வொரு குழலுக்கும் ஒரு விருப்பம் உண்டு. ஒரே நிறுவனத்தின் ஒரே அளவுக் குண்டுகூட, வேறு நாளில் வேறு அச்சில் தயாரானால் வேறு மாதிரி பறக்கும். அதனால்தான் டின்னின்மேல் தயாரிப்புத் தொகுதி எண் இருக்கிறது. தங்கள் துப்பாக்கிக்கு ஒத்துப்போகும் தொகுதியைச் சோதித்துக் கண்டுபிடித்தவர்கள், அதே எண்ணுள்ள டின்களை மொத்தமாக வாங்கி வைத்துவிடுகிறார்கள். ஈயம் மென்மையானது, டின்னைக் கீழே போட்டால் குண்டின் பாவாடை போன்ற பின்பகுதி நசுங்கி, அத்தனை சோதனையும் வீண்.

அடுத்தது வேகம். துப்பாக்கிக்கு அடியில் உள்ள கலனில் சுமார் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைக்கப்பட்டிருக்கும். சமையல் எரிவாயுத் தோம்பில் இருப்பதுபோல் இதிலும் ஒரு ரெகுலேட்டர் உண்டு. ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு காற்றைத் தருவது அதன் வேலை. குண்டு விநாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் போய், 10 மீட்டருக்குள் ஏறக்குறைய 1.7 சென்டிமீட்டர் கீழே இறங்கும். வேகம் 2 மீட்டர் குறைந்தால் மேலும் 0.4 மில்லிமீட்டர் இறங்கிவிடும். பார்க்கச் சின்ன எண், ஆனால் 0.1 புள்ளிக்கு மேல் போய்விடுகிறது. வேகமானி வைத்து அளக்கும்போது எண்கள் மேலும் கீழும் ஆடினால் ரெகுலேட்டரைப் பழுது பார்க்கலாம். துப்பாக்கியை மாற்றத் தேவையில்லை.

புதிய துப்பாக்கியின் பெட்டியில் தொழிற்சாலை ஒரு சோதனைத் தாள் வைத்திருக்கும். ஐந்து குண்டுகளும் ஒரே ஓட்டையில் போனதைப் பார்த்துப் பூரித்துப் போகிறவர்கள் உண்டு. அது பொய்யல்ல, ஆனால் ஐந்து குண்டு மிகக் குறைவு. இன்னும் ஐந்து சுட்டால் ஓட்டை பெரிதாகுமே தவிர சிறிதாகாது. அந்தத் தாளில் உள்ள ஓட்டை அந்த நாளில், அந்த டின் குண்டுக்கு உரியது. பத்துப் பத்தாக நாலைந்து முறை சுட்டுப் பார்த்தால்தான் நம்பத் தகுந்த கணக்கு கிடைக்கும்.

இதையெல்லாம் வீட்டுப் பின்புறத்தில் செய்து பார்க்கலாமா என்று கேட்டால், கூடாது. திருவிழாத் திடலில் பலூன் சுடும் துப்பாக்கிபோல் இதை நினைத்துவிட முடியாது. மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான், உரிமம் வேண்டும். சிங்கப்பூரிலும் கட்டுப்பாடு கடுமை. உரிமம் பெற்ற சுடுதளத்தில், பயிற்றுநர் முன்னிலையில்தான் சோதனை.

வைஸில் எடுத்த தாள் கையில் வந்ததும், அதே டின் குண்டுகளைக் கொண்டு பிள்ளையைச் சுடச் சொல்லி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். வைஸில் ஓட்டை 6 மில்லிமீட்டர், பிள்ளை சுட்டபோது 15 மில்லிமீட்டர் என்றால், இடையிலுள்ள 9 மில்லிமீட்டர் கடையில் விற்கும் பொருள் அல்ல. மூச்சு, நிற்கும் நிலை, விசையை அழுத்தும் விரல் என்று பயிற்றுநர் அங்கிருந்து தொடங்குவார். இரண்டு தாளும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் மட்டும் புதிய துப்பாக்கியைப் பற்றிப் பேசலாம். அதற்கும் முன்னால் இன்னும் நாலு டின் குண்டுகளைச் சோதித்துவிடுவது மலிவு.