பிரித்துப் பூட்டப் பிறந்த கார்

இங்கிலாந்தில் நடந்த ஒரு கம்பெனி விற்பனைதான், பிற்பாடு சென்னைக்கு அடுத்த வண்டலூரில் தயாரான ஒரு காரின் உடலமைப்பைத் தீர்மானித்தது. கவென்ட்ரி நகரின் ஸ்டாண்டர்ட் நிறுவனத்துக்குக் கார் உடல்களைச் செய்துகொடுத்துவந்தது ஃபிஷர் அண்ட் லட்லோ. அந்தக் கம்பெனியை 1953-ல் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. அடுத்த காருக்கு முழு உடலையும் ஒரே கூடாக அடித்துத்தர ஆளில்லை. வேறு வழி தெரியாத பொறியாளர்கள் பழைய முறைக்கே போனார்கள். அடியில் ஒரு தனி சேஸிஸ். அதன்மேல், வெவ்வேறு தொழிற்சாலைகளில் சிறுசிறு பாகங்களாகச் செய்து போல்ட் போட்டு இணைக்கிற உடல். இத்தாலியின் டூரின் நகர வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி அதற்கு அழகான உருவம் கொடுத்தார். 1959 ஏப்ரலில் அந்தக் கார் 'டிரையம்ஃப் ஹெரால்டு' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது.

இரண்டே ஆண்டுகளில், 1961-ல், அது 'ஸ்டாண்டர்ட் ஹெரால்டு' என்ற பெயரில் இங்கே தயாரானது. அம்பாசடர் வங்காளத்தில், ஃபியட் பம்பாயில், ஹெரால்டு சென்னையில். இந்தியக் குடும்பங்கள் வாங்கக்கூடிய கார்கள் அன்றைக்கு இவ்வளவுதான். 948 சிசி எஞ்சின், எண்ணூறு கிலோவை ஒட்டிய எடை, ஏறக்குறைய ஏழரை மீட்டர் விட்டத்துக்குள் முழு வட்டமடிக்கும் ஸ்டீயரிங். குறுகலான தெருக்களில் அந்த ஸ்டீயரிங்கின் அருமை தெரியும்.

பழைய காரை வீட்டிலேயே பழுதுபார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஹெரால்டைப் படிக்க வேண்டும் என்பதற்குக் காரணம் அந்தப் போல்ட்டுகள்தான். கம்பெனி அன்று நெருக்கடியால் எடுத்த முடிவு, இன்று வீட்டு முற்றத்தில் ஸ்பானரோடு உட்காருகிறவருக்குப் பெரிய சௌகரியம். பக்கவாட்டுக் கொக்கிகளை விடுவித்தால் பானட்டும் இரண்டு மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். எஞ்சின், ஸ்டீயரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாமே கைக்கு எட்டும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். கதவுக்குக் கீழே ஓடும் தகடு துருப்பிடித்தால் கழற்றிவிட்டு வேறு பூட்டலாம். காரின் பலம் அதில் இல்லை.

அம்பாசடர், ஃபியட், மாருதி 800 ஆகியவற்றில் நிலைமை வேறு. அவற்றில் தனி சேஸிஸ் கிடையாது. தரையும் ஓரத் தகடுகளும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. கதவுக்குக் கீழே துரு அரித்திருந்தால் வெறும் தோற்றக் குறை என்று விட முடியாது. வெட்டி வெல்டிங் வைக்கும்போது உடல் சற்றே வளைந்தாலும் கதவு மூடாது, சக்கரம் நேராக ஓடாது. அந்த வேலைக்கு அனுபவமுள்ள டிங்கரிங் ஆள் வேண்டும். கையில் இருக்கும் கார் எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் யாரும் வெட்டுக் கருவியைத் தொடக்கூடாது.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்த எண்களோடு ஒத்துப்போகிறதா என்பது. ஒத்துப்போகாத காரைச் சாலைக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. இரண்டாவது துரு. சிறு காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி உடல் முழுக்க ஒட்டிப் பார்க்கலாம். ஒட்டாத இடத்தில் பெயின்ட்டுக்கு அடியில் தடிமனாகப் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஹெரால்டில் படுத்துப் பார்க்க வேண்டியது சேஸிஸிலிருந்து இருபுறமும் நீளும் கிளைச் சட்டங்களை. உடலைத் தாங்கும் இந்தச் சட்டங்களில் சேறும் தண்ணீரும் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும். கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

பெயின்ட்டில் தொடங்குவதுதான் பரவலான தவறு. வண்டி பளபளப்பாகிவிட்டால் வீட்டாருக்கும் உற்சாகம், அக்கம்பக்கத்தாருக்கும் வியப்பு. ஆனால் அதன்பிறகு எஞ்சினை இறக்கும்போது புது பெயின்ட் கீறுகிறது, பிரேக் ஆயில் சிந்தி கரைகிறது. கையிலிருந்த பணமும் அதற்குள் தீர்ந்திருக்கும். பாதியில் நின்று கவர் போட்டு மூடிக்கிடக்கும் கார்கள் பலவற்றின் கதை இதுதான். நிற்பது, திரும்புவது, ஓடுவது, பிறகு அழகு: இந்த வரிசை மாறக்கூடாது.

நிற்பது என்றால் பிரேக். அந்தக் கால ஹெரால்டில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக். எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில் பாதை. எங்காவது ஓர் இடத்தில் கசிந்தால் நான்கும் போயிற்று. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. பல ஆண்டுகள் நின்ற காரில் அந்த ஈரம் மாஸ்டர் சிலிண்டரையும் வீல் சிலிண்டர்களையும் உள்ளே துருப்பிடிக்க வைத்திருக்கும். ரப்பர் வாஷர்களை மட்டும் மாற்றிச் சமாளித்தால் சொரசொரப்பான சிலிண்டர் புது ரப்பரையும் அறுத்துவிடும். சிலிண்டர், ஹோஸ், துருப்பிடித்த குழாய் எல்லாவற்றையும் மாற்றுவதே சரி. ஒரு எச்சரிக்கை: பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்முக்குள் சேர்ந்த தூசியை ஏர் அடித்து ஊதுவது நம் பட்டறைகளில் சகஜம். அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும்.

திரும்புவதில் ஹெரால்டுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. முன்சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது டிரன்னியன் எனப்படும் வெண்கலப் பாகத்துக்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரைக்குள்ளேயே சுழல்கிறது. இதற்குத் தேவை தடித்த கியர் ஆயில், 90 கிரேடு. ஆனால் நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் துப்பாக்கியை எடுப்பது மெக்கானிக் கையின் பழக்கம். கிரீஸ் மரையின் இடுக்குகளில் இறங்காமல் நாளடைவில் இறுகிப்போகும். ஆயில் இல்லாத மரை பிடித்துக்கொள்ளும், தண்ணீர் புகுந்து துருவேறும். ஒருநாள் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது தண்டு முறிந்து சக்கரம் மடிந்து விழும். ஹெரால்டு வைத்திருப்பவர்கள் உலகெங்கும் அஞ்சும் பழுது இது. வண்டி வீட்டுக்கு வந்ததும் டிரன்னியனைக் கழற்றிப் பழைய கிரீஸை முழுக்கக் கழுவி, தண்டில் அரிப்போ விரிசலோ உண்டா என்று நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் தண்டையே மாற்ற வேண்டும். பிரிட்டனில் இந்தக் கார்களுக்கு இன்றும் உதிரிபாகங்கள் செய்து விற்கிறார்கள். இந்த ஒரு பாகத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கக்கூடாது. உள்ளூர் லேத்தில் கடைந்த டிரன்னியனின் மரை துளி பிசகினாலும் உயிருக்கு ஆபத்து.

மற்ற விஷயங்களில் லேத் பட்டறைதான் பழைய கார்க்காரர்களின் கோயில். புஷ், ஸ்பேசர், பின் என்று மாதிரியைக் கொடுத்தால் கடைந்து தரும் கைகள் கோவையிலும் சென்னையிலும் இருக்கின்றன. புதுப்பேட்டைக் கடைகளிலும் காயலாங்கடைகளிலும் பொறுமையாகத் தேடுகிறவருக்கு ஒரு கதவுக் கைப்பிடியோ மீட்டரோ அகப்படும். அந்தத் தேடலே பலருக்குப் பாதி மகிழ்ச்சி.

ஸ்பானர் விஷயம் சின்னதுதான், ஆனால் தொல்லை பெரிது. ஹெரால்டின் நட்டுகள் அங்குல அளவில் செய்தவை. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 13 மி.மீ. ஸ்பானர் அதில் உட்காரும். இறுகிய நட்டை முறுக்கும்போது வழுக்கி முனைகளை மழுக்கிவிடும். அங்குல ஸ்பானர் செட் ஒன்று தனியாக வாங்குவதே நல்லது. கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு பகுதியையும் செல்போனில் படமெடுத்து, போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாக்களில் பெயரெழுதி வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது. சேஸிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு கட்டாயம்.

எஞ்சினைப் பொறுத்தவரை, திறப்பதற்கு முன் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். நான்கு சிலிண்டர்களும் ஏறத்தாழ ஒரே அளவு காட்டினால் எஞ்சினை இறக்க அவசரமில்லை. ஒன்று மட்டும் குறைந்தால் அதன் பிளக் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்க்கலாம். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது; ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகிக்கலாம். இந்த எளிமையான தர்க்கம்தான் பழைய எஞ்சினின் அழகு. கம்ப்யூட்டரைச் செருகிக் கேட்க வேண்டியதில்லை. பாயிண்ட் இடைவெளி அங்குலத்தில் 0.015, பிளக் இடைவெளி 0.025, வால்வு இடைவெளி 0.010 என்று ஒரு ஃபீலர் கேஜை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கலாம்.

காலம் மாற்றிய ஒன்றும் உண்டு: பெட்ரோல். இந்த எஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. அந்த ஈயம் வால்வு உட்காரும் இடத்தைத் தேயாமல் காத்தது. 2000-ல் இந்தியா முழுவதும் ஈய பெட்ரோல் நிறுத்தப்பட்டது. மக்களின் ஆரோக்கியத்துக்கு அது பெரிய நன்மை. ஹெட்டை எப்படியும் கழற்றுகிறவர்கள் லேத்தில் கடினமான வால்வு சீட் போட்டுக்கொண்டால் அந்தக் கவலை தீரும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை உப்பவைத்து இளக்கும், டேங்கில் படிந்த கசடையும் பெயர்த்துக் கார்பரேட்டருக்குள் அனுப்பும். ஆகவே டேங்கைக் கழுவி, பெட்ரோல் ஹோஸ் அனைத்தையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்ற வேண்டும். பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம்மையும் மறக்கக்கூடாது. அது கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலோடு கலந்துவிடும்.

சரி, எதை மாற்றலாம், எதை விட்டுவிடலாம்? கம்பெனியே மாற்றிய வரலாறு இருக்கிறது. ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஸ்விங் ஆக்ஸில் முறையில் தனித்தனியாக ஆடுபவை. வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடங்கி வண்டி வழுக்கப் பார்க்கும். இந்திய வாடிக்கையாளர்களும் மெக்கானிக்குகளும் இதை விரும்பவில்லை. 1972-ல் வண்டலூர்த் தொழிற்சாலை கொண்டுவந்த 'கெஸல்' காரில் அதே எஞ்சினை வைத்துக்கொண்டு பின்னால் ஒரே இறுக்கமான ஆக்ஸிலைப் போட்டார்கள். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த காலத்தில் மெட்ராஸ் இளைஞர்கள் வீட்டுப் பட்டறைகளில் தம் கார்களை உசுப்பிவிட்டுக் கொண்டுவந்தார்கள். கோவையின் கரிவர்தன், மாருதி 800 எஞ்சினை வைத்து 'ஃபார்முலா மாருதி' பந்தயக் காரையே உருவாக்கினார். ஆக, மாற்றிப் பார்க்கும் கை நமக்குப் புதிதல்ல.

ஆனால் பந்தயத் தளத்துக்கு ஆகிவருவது சாலைக்கு ஆகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் தந்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும் அளவுக்கு வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வேறு கம்பெனியின் பெரிய எஞ்சினைத் திணிப்பது, சேஸிஸை வெட்டுவது, கூரையை அறுப்பது எல்லாம் இதில் அடிபடும். வண்ணம் மாற்றினால்கூட ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

பயனுள்ள மாற்றங்கள் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாதவை. பாயிண்ட்டுக்குப் பதில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே அடங்கும் எலெக்ட்ரானிக் இக்னிஷன். மழைக்காலத்தில் மல்லுக்கட்ட வேண்டாம். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர். வைப்பரும் ஹெட்லைட்டும் சேர்ந்து இயங்கும்போது பேட்டரி இறங்காது. இதில் ஒரு கவனம்: அக்கால பிரிட்டிஷ் வடிவமைப்புகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையை பாடியோடு இணைத்திருப்பார்கள். பார்க்காமல் ஆல்டர்னேட்டரை மாட்டினால் அந்த நிமிடமே கருகும். ஹெட்லைட்டுக்கு ரிலே வைத்தால் பழைய சுவிட்ச் சூடாகி உருகாது. ரேடியல் டயர் போடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக சீட் பெல்ட். அதை வெறும் தகட்டில் துளைத்து மாட்டாமல், பின்னால் தடித்த இரும்புத் தகடு கொடுத்துப் பூட்ட வேண்டும்.

இன்னொரு முடிவையும் தொடக்கத்திலேயே எடுக்க வேண்டும்: கார் தினம் ஓடப்போகிறதா, விழாக்களுக்கு மட்டுமா? தனியார் கார்களின் பதிவு 15 ஆண்டுகளுக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படுகிறது. 20 ஆண்டைத் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணத்தை மத்திய அரசு 2025-ல் 10,000 ரூபாயாக உயர்த்தியது. ஐம்பது ஆண்டு கடந்த கார்களுக்கு 2021-ல் வந்த விண்டேஜ் விதிகள் தனி. 20,000 ரூபாய் கட்டிப் புதிதாகப் பதிந்தால் பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் பிளேட் கிடைக்கும். வண்டலூரில் செய்த எல்லா ஹெரால்டுகளுக்கும் அந்த வயது வந்துவிட்டது. ஆனால் அப்படிப் பதிந்த காரை அன்றாட உபயோகத்துக்கு ஓட்டக்கூடாது. சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவை அசலாக இருக்க வேண்டும். குழந்தைகளைப் பள்ளியில் விடவும் மார்க்கெட்டுக்குப் போகவும் ஆசைப்படுகிறவருக்குச் சாதாரணப் புதுப்பித்தல்தான் பொருந்தும். எந்த வழியில் போனாலும், கழற்றிய டைனமோ, பாயிண்ட், பழைய கார்பரேட்டர் ஆகியவற்றை எடைக்குப் போடாமல் ஆயில் தடவி ஒரு பெட்டியில் வைக்கச் சொல்கிறார்கள் அனுபவசாலிகள். பின்னால் மனம் மாறினாலும், வண்டி கைமாறினாலும், அசல் நிலைக்குத் திருப்ப அந்தப் பெட்டி வேண்டியிருக்கும்.