படம் போய்ச் சேர்ந்ததா?

மின்னஞ்சல் ஆதியில் படங்களைச் சுமப்பதற்கென்று தோன்றியதன்று. 1982-இல் ஜான் போஸ்டல் வகுத்தளித்த எஸ்.எம்.டி.பி. என்னும் விதிமுறை, ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் சில குறிகளையுமே, ஒவ்வொன்றும் ஏழு பிட்டுகளாக, கணினி விட்டுக் கணினி கடத்த வல்லதாயிருந்தமையால், எட்டு எட்டுப் பிட்டுகளாக அமைந்த புகைப்படக் கோப்புக்கு அதில் இடமில்லாது போயிற்று. இக்குறையைப் போக்கும் பொருட்டு நதேனியல் போரன்ஸ்டைனும் நெட் ஃபிரீடும் 1992-இல் ‘மைம்’ என்னும் முறையை வகுத்தார்கள். அஞ்சலில் படம் எதற்கு என்று வினவியவர்களிடம், தமக்குப் பேரக் குழந்தைகள் பிறக்கும் காலத்தில் அவர்களுடைய படங்கள் மின்னஞ்சலில் வந்து சேரவேண்டும் என்று போரன்ஸ்டைன் சொன்னாராம். இத்தகைய பாசத்திலிருந்து பிறந்த விஞ்ஞான சாதனத்தை நான் பெரிதும் போற்றுகிறேன்.

அம்முறைப்படி, படத்தின் மூன்று பைட்டுகள் நான்கு எழுத்துகளாக உருமாறிப் பிரயாணம் செய்கின்றன. ஆகவே படத்தின் பாரம் வழியில் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. 18 மெகாபைட் படங்கள் 24 மெகாபைட்டாகின்றன. ஜிமெயில் விதித்துள்ள வரம்பு 25 மெகாபைட். பெறுபவருடைய அஞ்சல் நிலையம் அதனினும் குறைவாக விதித்திருந்தால், அஞ்சல் வாசல்வரை சென்று திரும்பிவிடும். ‘மெயிலர் டீமன்’ என்ற பெயரில் வரும் அறிவிப்பு அதனைத்தான் தெரிவிக்கிறது. பலர் அதை வீண் அஞ்சலென்று எண்ணிப் படியாமலே அழித்துவிடுகிறார்கள்.

திரும்பிய அஞ்சலாவது செய்தி சொல்லும். ‘ஸ்பேம்’ பெட்டியில் விழுந்த அஞ்சலோ அனுப்பியவருக்கும் பெறுபவருக்கும் தெரியாமலே கிடந்து, ஜிமெயிலில் 30 நாட்களுக்குப் பின் தானே அழிந்துபோகிறது. அறிமுகமற்ற முகவரியிலிருந்து, பொருள்வரியும் இன்றி, ஒரு வார்த்தைகூட எழுதாமல், படங்களை மட்டும் பலருக்கு ஒருசேர அனுப்பினால், வடிகட்டும் இயந்திரம் சந்தேகிப்பது நியாயமே. மேலும், ஐபோன்கள் 2017 முதல் கையாளும் ‘ஹெய்க்’ வகைப் படங்கள் பழைய கணினிகளில் திறப்பதில்லை. அவற்றை ‘ஜேபெக்’ ஆக மாற்றி அனுப்புதல் உத்தமம்.

திரையில் பார்ப்பதற்கு 1600 பிக்சல் அகலமுள்ள படம் தாராளமாகப் போதும். அவ்வளவுக்குச் சுருக்கி, ஓர் அஞ்சலுக்கு நாலைந்து படங்களாகப் பிரித்து, யாருடைய படம், எந்த விசேஷத்தில் எடுத்தது என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். காகிதத்தில் அச்சிட்டுச் சட்டமிட விரும்புவோருக்கு மட்டும் மூலப்படத்தைத் தனியே அனுப்பலாம்.

படத்தைப் பெறுகிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: அனுப்பியவரின் முகவரியை உங்கள் முகவரி ஏட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள், ‘கிடைத்தது’ என்று ஒரு வரியேனும் மறக்காமல் பதில் எழுதுங்கள். அஞ்சல் உங்கள் கண்ணில் பட்டதா என்பதை அனுப்பியவருக்கு நிச்சயமாகத் தெரிவிக்கும் ஏற்பாடு எஸ்.எம்.டி.பி. முறையில் இல்லை.