ரோம் கேம் மோடுக்கு ஐடியா சொல்லணுமா? முதல்ல இதைத் தெரிஞ்சுக்கோங்க!

2004ல் வெளியான 'ரோம்: டோட்டல் வார்' கேமில் எகிப்து படையைப் பார்த்தால் தலை சுற்றும். கதை தொடங்குவது கி.மு. 270ல். அப்போது அங்கே ஆண்டது கிரேக்க வழிவந்த தாலமி வம்சம். ஆனா கேமில் ஓடுவதோ, சுமார் ஆயிரம் ஆண்டு முந்தைய பாரோ காலத்து ரதங்கள்!

இதுபோன்ற பிழைகளைத் திருத்த ரசிகர்களே உருவாக்கியதுதான் 'யூரோப்பா பார்பரோரம்' மோட். அதாவது, கேமின் கோப்புகளை மாற்றி அமைத்த பதிப்பு.

எல்லாத்தையும் மாத்த முடியுமா?

முடியாது. ஒரு படைப்பிரிவின் செலவு, பலம் போன்றவை டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கும், நோட்பேடிலேயே மாற்றலாம். ஆனால் 21 தரப்புகளுக்கு மேல் சேர்க்க முடியாது. கணினி எதிரியின் மூளையும் கேமுக்குள் பூட்டிக்கிடக்கிறது. அதனால்தான் மோட் குழு கணினி தரப்புகளுக்கு ஸ்கிரிப்ட் மூலம் பணம் கொடுத்தது. விளைவு? ஒரு படையை அழிச்சா, அடுத்தது வாசலில் வந்து நிக்கும்.

அப்போ எப்படிச் சொல்வது?

"எதிரியைப் புத்திசாலி ஆக்குங்க" என்பதால் பலன் இல்லை. "இந்த நாட்டுக்கு வரும் பணத்தைப் பாதியாக்கிப் பாருங்க, 100வது டர்னில் நடந்தது இந்த சேவ் ஃபைலில் இருக்கு" என்றால் சோதிக்கலாம். சம்பளமே இல்லாமல் வேலை பார்ப்பவர்கள், அதைத்தான் முதலில் திறப்பார்கள்.