பொம்மை, விலை 30 யூரோ!

2014-ம் வருஷம் டிசம்பர் மாதம். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் பாக்கி. பெல்ஜியத்திலிருந்து கூரியரில் கிளம்பிய ஒரு பார்சல் அமெரிக்காவில் நியூவார்க் நகரத்துக்கு வந்து சேர்ந்தது. மேலே ஒட்டியிருந்த சீட்டில், 'கைவேலைப் பொம்மை, விலை 30 யூரோ' என்று குறிப்பு. கூடவே பிரெஞ்சு மொழியில் கிறிஸ்துமஸ் வாழ்த்து!

பேரனுக்குப் பாட்டி அனுப்பும் பரிசு என்றுதானே நீங்களும் நானும் நினைத்திருப்போம்? சுங்க அதிகாரிகள் அப்படி நினைக்கவில்லை. பார்சலைத் தடுத்து நிறுத்திச் சோதித்தார்கள். உள்ளே இருந்தது, பிக்காஸோ 1911-ல் தீட்டிய 'சிகை அலங்காரம் செய்பவள்' என்ற ஓவியம்! பாரிஸ் நகரத்து பாம்பிடு கலைக்கூடத்துக்குச் சொந்தமான படம் அது. 2001-ல் வேறொரு கண்காட்சிக்காக இரவல் கேட்டு வந்தபோதுதான், கிடங்கில் அது இல்லை என்பதே அவர்களுக்குத் தெரிந்தது. 2015-ல் படம் பிரான்சுக்குத் திரும்பியது.

திருட்டுப் படத்துக்குப் பொய் விலை போட்டதில் அதிசயமில்லை. ஆனால் கூரியர் ஆபீஸில் நாம் என்ன செய்கிறோம்? 'அதிகம் போட்டால் வரி கேட்பான், கட்டணம் ஏறும்' என்று பயந்து, முப்பதாயிரம் ரூபாய்த் தஞ்சாவூர்ப் படத்துக்கு ஆயிரம் ரூபாய் என்று எழுதிவிட்டு வருகிறோம். வழியில் கண்ணாடி உடைந்தால் ஆயிரத்துக்கு மேல் ஒரு பைசா பெயராது. ரசீதின் பின்புறம் எறும்பு எழுத்தில் அச்சடித்திருப்பதையும் கொஞ்சம் படியுங்கள். பல கம்பெனிகளில் ஓவியத்துக்கும் பழம்பொருளுக்கும் நஷ்ட ஈடே கிடையாது. அல்லது கிடைப்பது வெகு சொற்பம்.

'இன்ஷூர் செய்துவிட்டால் போயிற்று' என்கிறீர்களா? செய்ய வேண்டியதுதான். ஆனால் உலகத்திலேயே பிரபலமான படம் இன்ஷூர் இல்லாமலே கடல் கடந்த கதையைக் கேளுங்கள்.

1962 டிசம்பரில் 'மோனா லிசா' பிரான்சிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறினாள். லூவர் கலைக்கூடத்து நிபுணர்களில் பலருக்கு இதில் இஷ்டமே இல்லை. காரணம், அந்தப் படம் துணியில் தீட்டியதல்ல. பாப்லர் மரப் பலகையில் தீட்டியது. காற்றில் ஈரம் ஏறினாலும் இறங்கினாலும் பலகை வளையும், வண்ணம் வெடிக்கும். ஆகவே உள்ளே ஈரமும் சூடும் மாறாதபடி காற்றுப் புகாத பெட்டி ஒன்று தயாராயிற்று. 'பிரான்ஸ்' என்ற பெரிய கப்பலில் அம்மணிக்கு முதல் வகுப்பு அறை! கூடவே காவலர்கள். படத்துக்கு மதிப்புப் போட்டவர்கள் 10 கோடி டாலர் என்றார்கள். ஆனால், இன்ஷூரன்ஸுக்குக் கட்ட வேண்டிய தொகையைவிட அதே படத்துக்குக் கண்ணும் கருத்துமாகப் பந்தோபஸ்து செய்வதற்கு ஆகும் செலவு குறைவு என்று தெரிந்தது. இன்ஷூரன்ஸை விட்டுவிட்டுப் பந்தோபஸ்தையே செய்தார்கள். 1963 ஜனவரியில் வாஷிங்டனில் ஜனாதிபதி கென்னடி தம்பதி முன்னிலையில் திரை விலகியது. பிறகு நியூயார்க்கில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். படம் பத்திரமாக வீடு திரும்பியது.

கலைக்கூடங்களில் இன்றைக்கும் 'கூரியர்' என்றால் கம்பெனியைச் சொல்வதில்லை. படத்தோடு கூடவே போகும் ஆளைத்தான் சொல்கிறார்கள். கல்யாணப் பெண்ணுக்குத் துணை போகும் அத்தை மாதிரி! பெட்டி லாரியில் ஏறுவதையும் விமானத்தில் ஏறுவதையும் அவர் நேரில் நின்று பார்ப்பார். போய்ச் சேர்ந்ததும் அவர் முன்னிலையில்தான் பிரிப்பார்கள்.

அந்தக் கண் சற்றே அசந்தால் என்ன ஆகும்? 2025 அக்டோபரில் ஸ்பெயினில் நடந்ததைப் பாருங்கள். மாட்ரிட் நகரத்திலிருந்து கிரனாடாவுக்கு ஒரு கண்காட்சிக்காக லாரியில் படங்கள் போயின. அவற்றில் ஒன்று பிக்காஸோவின் சிறிய ஓவியம். கையகலம்தான், 6 லட்சம் யூரோவுக்கு இன்ஷூர் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை சாமான் வந்து இறங்கிற்று. பொட்டலங்களில் பலவற்றுக்குச் சரியாக எண் போடவில்லை. அதனால் உடனே எண்ணிச் சரிபார்க்க முடியவில்லை. திங்கட்கிழமை பிரித்தால், பிக்காஸோவைக் காணோம்! போலீஸ் தேடியது. மாதக் கடைசியில் படம் அகப்பட்டது. திருடன் எவனும் இல்லை. அந்தப் பொட்டலம் மாட்ரிட்டில் லாரியில் ஏறவே இல்லை போலிருக்கிறது என்றார்கள் போலீசார்!

நம் வீட்டுப் படத்துக்குத் துணையாக ஆள் அனுப்பக் கட்டுப்படியாகாது. ஆகவே, பெட்டியைத்தான் அந்த ஆளாக ஆக்க வேண்டும்.

தஞ்சாவூர்ப் படமும் மோனா லிசாவைப் போலப் பலகையின் மேல் உள்ளதுதான். அதன்மேல் துணி; சுண்ணாம்புத் தூளும் பசையும் சேர்த்துப் புடைப்பாக எழுப்பிய வேலை; தங்க ரேக்கு; கற்கள்; எல்லாவற்றுக்கும் மேல் கண்ணாடி. முதல் எதிரி அந்தக் கண்ணாடிதான். உடைந்தால் சில்லு நேரே ரேக்கின்மேல் விழும். கழற்றிவிட்டு அனுப்பி, போன இடத்தில் வேறு போட்டுக்கொள்வது உத்தமம். முடியாதென்றால், கண்ணாடியின்மேல் காகித டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுங்கள். உடைந்தாலும் சில்லு சிதறாது. கண்ணாடி இல்லாத படமானால் முதலில் வழவழப்பான பட்டர் பேப்பர். பிறகுதான், கடைகளில் 'பபிள் ராப்' என்று கேட்டால் தருகிறார்களே, அந்தக் காற்றுக் குமிழ்த் தாள். குமிழ்ப் பக்கம் வெளியே பார்த்திருக்கட்டும். நேரே படத்தின்மேல் சுற்றினால் வட்ட வட்டமாகத் தடம் விழுந்துவிடும். நான்கு மூலைக்கும் தடித்த அட்டை. அதற்குமேல் மரப் பெட்டி, சுற்றிலும் மெத்தென்று ஃபோம். மூடியை ஆணி வைத்து அடிக்கவே அடிக்காதீர்கள்! ஒவ்வொரு அடிக்கும் உள்ளே சுண்ணாம்பு வேலை அதிரும். திருகாணிதான் போட வேண்டும்.

கட்டுவதற்குமுன் படத்தை நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், பெட்டியையும் எடுங்கள். மூன்று பெட்டியானால் 1, 2, 3 என்று கொட்டை எழுத்தில் எண் போடுங்கள். மாட்ரிட்டில் விட்டுப் போனது அதுதான்.

மகள் வெளிநாட்டில் இருக்கிறாளா? மரப் பெட்டிக்குச் சூடேற்றிப் பூச்சி ஒழித்ததற்கான முத்திரை வேண்டும். பிளைவுட் பெட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று முக்கியம். படம் பாட்டிக்குப் பாட்டி காலத்தது, நூறு வயதுக்குக் குறையாது என்றால், 1972-ம் வருஷச் சட்டப்படி அது தொல்பொருள். சொந்த மகளுக்கானாலும் நீங்கள் அதை நாடு கடத்தி அனுப்ப முடியாது. புதுப் படமாக இருந்து, பார்வைக்குப் பழசாகத் தோன்றினாலோ, தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையிடம் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சுங்கத்தில் மாதக்கணக்கில் தூங்கும்.

பெட்டி போய்ச் சேர்ந்ததும் மகள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஆள் நிற்கும்போதே பெட்டியில் நசுங்கல் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதை எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு, உடனே பிரிக்கக் கூடாது! கலைக்கூடங்களில் 24 மணி நேரம் அப்படியே வைத்து, புது ஊர்ச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் படம் பழகிய பின்பே திறக்கிறார்கள். ஒரு நாள் பொறுத்திருக்கும்படி இன்றே டெலிபோனில் சொல்லி வையுங்கள்.