மலையின் உயரமும் நீரின் வழியும்

ஜவ்வாது மலையின் மேற்குப் பாகத்தில், சாமையும் தினையும் விளைகிற புதூர்நாட்டுப் பிரதேசத்தின் சரிவுகளில் நின்று பார்ப்பவர்க்கு, மழைநீர் எவ்வழி செல்லும் என்பதை நிர்ணயிப்பது நிலத்தின் உயரமே என்பது தெளிவாக விளங்கும். கர்நாடகத்து நந்திமலைப் பிரதேசத்தில் உற்பத்தியாகும் பாலாறும் தென்பெண்ணையும் இம்மலைக்கு வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாகப் பிரிந்து சென்று, முன்னது வயலூர் அருகிலும் பின்னது கடலூர் அருகிலும் வங்கக் கடலில் சங்கமமாகின்றன. இம்மலையிலேயே பிறக்கும் செய்யாறோ கிழக்கே ஓடித் திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. ஒரே மேகம் பொழிந்த நீர், முகட்டின் எந்தப் பக்கத்தில் விழுந்தது என்ற ஒரே காரணத்தால் வெவ்வேறு நதிகளைச் சேர்ந்துவிடுகிறது.

உயரம் என்றால் எதிலிருந்து உயரம் என்ற கேள்வி உடனே எழுகிறது. மேட்டூர் அணை நிரம்பியது என்று சொல்லும்போது குறிக்கும் 120 அடி, அணையில் தேங்கும் நீரின் ஆழக் கணக்கு. அதே நீர்ப்பரப்பு கடல் மட்டத்திலிருந்து 790 அடி உயரத்தில் இருக்கிறது. அந்தக் கடலோ ஒரு கணமும் நிலையாக நிற்பதில்லை. ஆகவே, துறைமுகங்களில் அலை ஏற்ற இறக்கங்களை ஆண்டுக்கணக்கில் பதிவு செய்து, அவற்றின் சராசரியையே பூஜ்யமாகக் கொள்கிறார்கள். இந்தியாவில் 1858-ல் தொடங்கிய மட்ட அளவைப் பணி 1909-ல் ஒரே வலையாக இணைக்கப்பட்டபோது, கராச்சி முதல் விசாகப்பட்டினத்திற்கு அப்பால் வரை உள்ள ஒன்பது இடங்களின் சராசரி மட்டங்கள் அதற்கு ஆதாரமாயின; சென்னையும் நாகப்பட்டினமும் அவற்றுள் அடங்கும்.

கரையில் கிடைத்த பூஜ்யத்தை உள்நாட்டுக்குக் கொண்டு செல்லும் முறை எளிமையானது. ஆனால் மிகுந்த பொறுமையைக் கோருவது. அளவு குறித்த இரண்டு கோல்களை முன்னும் பின்னும் நிறுத்தி, நடுவே மட்டக்கருவியை வைத்து, அதன் தூரதர்சினி வழியாகப் பின்கோலையும் முன்கோலையும் படிக்கிறார்கள். இரண்டின் வித்தியாசமே அந்த இடைவெளியில் நிலம் ஏறிய அல்லது இறங்கிய அளவு. கருவியைச் சரிநடுவில் வைப்பதால், பூமியின் வளைவினால் நேரும் பிழை இருபுறமும் சமமாகி நீங்கிவிடுகிறது. இன்று செயற்கைக்கோள்கள் நொடியில் உயரம் சொல்லுகின்றன என்றாலும், அவை கணக்கிடுவது பூமிக்கென வகுத்த ஒழுங்கான கற்பித வடிவத்திலிருந்து. ஈர்ப்பு விசையின் ஏற்றத்தாழ்வினால் தென்னிந்தியாவைச் சூழ்ந்த கடற்பரப்பு அவ்வடிவத்திற்கு 80 மீட்டருக்கும் கீழே தாழ்ந்திருப்பதால், அந்த வித்தியாசத்தைத் திருத்தாவிட்டால் சென்னைக் கடற்கரையே பாதாளத்தில் இருப்பதாகத் தோன்றும்.

ஜவ்வாது மலையில் வைணு பாப்பு வானாய்வுக் கூடம் அமைந்த காவலூர் 725 மீட்டர் உயரத்தில் உள்ளது. அடிவாரத்துத் திருப்பத்தூர் ஏறக்குறைய 390 மீட்டர். வேலூர் சுமார் 215 மீட்டர். மலையில் ஓடை சில கிலோமீட்டர்களிலேயே முந்நூறு மீட்டர் இறங்கிவிட, வேலூரைக் கடந்த பாலாறோ எஞ்சிய உயரத்தைக் கிலோமீட்டருக்கு 2 மீட்டருக்கும் குறைவாகச் செலவிட்டு, நூறு கிலோமீட்டருக்கு மேல் மணலில் தவழ்ந்தே கடலை அடைகிறது. மலையில் வேகம் மண்ணை அரிக்கிறது. சமவெளியில் மந்தகதி அம்மண்ணைப் படிய வைக்கிறது.

இந்த உயரம் மலைவாசிகளுக்கு இயற்கை அளித்த செல்வம். ஒரு கன மீட்டர் நீரை 300 மீட்டர் உயரத்திற்கு ஏற்ற, பம்பின் நஷ்டத்தைச் சேர்க்காமலே, ஏறக்குறைய 0.8 யூனிட் மின்சாரம் வேண்டும். சூரியன் அவ்வேலையைச் செலவின்றிச் செய்து, நீரை மலைமீதே கொண்டுவந்து பொழிகிறான். அதை ஒரு பருவத்திற்குள் ஓடவிட்டுப் பின்பு தண்ணீருக்கு ஏங்குவது பேதைமை. ஒரே உயரத்தில் செல்லும் கோட்டை மட்டக்கருவியால் கண்டு, அதன் வழியே வரப்பும் தடுப்பும் அமைத்தால், நீர் நின்று மண்ணில் இறங்கும். கோடு சற்றே சாய்ந்தாலும் தாழ்ந்த முனையில் நீர் திரண்டு கரையை உடைக்கும். ஆதலால் மலைநாட்டில் நீர்ப்பணி தொடங்குவோர் மண்வெட்டிக்கு முன்பாக மட்டக்கருவியை எடுக்க வேண்டும்; மலையூர்ப் பள்ளிப் பிள்ளைகளும் தங்கள் நிலத்தின் உயரத்தைப் பாடமாகக் கற்க வேண்டும்.